கோல்டு பேக்கேஜ் 9,500 ரூபாய், பில் கிடையாது: ஒரு சுயேச்சையின் ரிவ்யூ

மிக்ஸிக்கு ரிவ்யூ எழுதுகிறார்கள், பிரியாணிக் கடைக்கு எழுதுகிறார்கள், பல் டாக்டருக்குக்கூட ஸ்டார் போடுகிறார்கள். தேர்தல் நேரத்தில் வேட்பாளர்களிடம் ‘கவரேஜ்’ என்று ஒன்றை விற்கிறார்களே, அதற்கு யாராவது ரிவ்யூ எழுதியிருக்கிறார்களா என்று தேடிப் பார்த்தேன், ஒன்றும் சிக்கவில்லை. விற்றவர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள், வாங்கியவர்களுக்கு வெளியே சொல்ல வெட்கம். நான் வாங்கியவன். வெட்கமெல்லாம் ஓட்டு எண்ணிக்கை அன்றைக்கே போய்விட்டது, அதனால் சொல்கிறேன்.

வடசென்னையில் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் பக்கம் ஜெராக்ஸ், டிடிபி கடை வைத்திருக்கிறேன். கேட்டுக்கு எந்தப் பக்கம் என்று சொன்னால் தொகுதி தெரிந்துவிடும், அப்புறம் ஆள் யார் என்பதும் தெரிந்துவிடும், எனவே அது வேண்டாம். (“பேரு, போட்டோ ரெண்டும் போட்டாலும் யாருக்கும் தெரியாது, தைரியமா எழுது” என்கிறார் எங்கள் வீட்டம்மா.) கடையில் பாதி வேலை மனு அடிப்பதுதான். குழாயில் சாக்கடை கலந்து வருகிறது, அடிபம்பில் தண்ணீர் ஏறவில்லை, தெரு விளக்கு எரியவில்லை. வருஷக்கணக்காக ஒரே மனுவில் தேதியையும் தெருப் பேரையும் மட்டும் மாற்றி மாற்றி பிரிண்ட் எடுத்துக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டரில் அந்த ஃபைலின் பேர் ‘தண்ணி புதுசு கடைசி 3’. ஒரு நாள் அதைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் நாமே நின்றால் என்ன என்று தோன்றியது. 2021 சட்டமன்றத் தேர்தலில் சுயேச்சையாக நின்றேன். 10,000 ரூபாய் டெபாசிட் கட்டினேன், தேர்தல் செலவுக்கென்று தனியாக பேங்க் கணக்கு தொடங்கினேன், செலவு எழுதும் பதிவேட்டை வாங்கிக்கொண்டு வந்தேன்.

இங்கே ஒரு கணக்கைக் கவனியுங்கள். பெரிய கட்சிக்குச் சின்னம் பிறந்தபோதே ஒட்டிக்கொண்டு வந்தது. சுயேச்சைக்கு வாபஸ் வாங்கும் நாள் முடிந்த பிறகுதான் சின்னம் கையில் கிடைக்கும். 2021-ல் வாபஸ் வாங்கக் கடைசி நாள் மார்ச் 22. பிரச்சாரம் முடிந்தது ஏப்ரல் 4 சாயங்காலம் 7 மணி. நடுவில் 13 நாள். அந்த 13 நாளில் லட்சக்கணக்கான வாக்காளர்களிடம் ‘நான் நிற்கிறேன், இதுதான் என் சின்னம்’ என்று மட்டுமாவது போய்ச் சேர்ந்தாக வேண்டும். தூர்தர்ஷனிலும் ஆல் இந்தியா ரேடியோவிலும் இலவசமாகப் பேச நேரம் கொடுக்கிறார்கள், ஆனால் அது அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளுக்குத்தான். ஆக, செய்தி என்று ஒன்று யாருக்காவது உயிர்த் தண்ணீர் என்றால் அது எங்களுக்குத்தான். எங்களுக்குத்தான் அது வருவதும் இல்லை. மெட்ரோ வாட்டர் மாதிரியே.

அந்த வருஷம் வடசென்னையில் கேமராவுக்குப் பஞ்சமே கிடையாது. திருவொற்றியூரில் சீமான், ராயபுரத்தில் அப்போது அமைச்சராக இருந்த ஜெயக்குமார், கொளத்தூரில் ஸ்டாலின். நட்சத்திரத் தொகுதி என்பார்கள். நடுவில் மாட்டிக்கொண்ட தொகுதிக்காரன் நான். ஒரு நாள் டிவிக்காரர்களின் நேரலை ஒளிபரப்பு வண்டி, ஓபி வேன் என்பார்கள், ஒன்று எங்கள் கடைக்கு நேராக வந்து நின்றது. அடடா, நம்மைத் தேடி வந்துவிட்டார்கள் என்று உள்ளே ஓடிப்போய் சட்டை மாற்றி, தலை வாரிக்கொண்டு வெளியே வந்தேன். கேட் போட்டிருந்ததால் நின்றிருக்கிறார்கள். டேங்கர் வேகன் ரயில் ஒன்று ஆடி அசைந்து போய் முடிந்தது, கேட் திறந்தது, வேன் திருவொற்றியூர் பக்கம் போய்விட்டது. என்னை விடுங்கள். அந்த இருபது நிமிடம் கேட்டில் நின்றவர்களில் ஸ்கூல் ஆட்டோ இருந்தது, ஆஸ்பத்திரிக்குப் போகும் ஒரு கர்ப்பிணிப் பெண் இருந்தார், மீன் கூடையோடு நான்கு பேர் இருந்தார்கள். வேனுக்குள் ஏசியில் செல்போன் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கண்ணாடியை இறக்கி மைக்கை நீட்டியிருந்தால் அன்றைக்குச் சாயங்கால விவாதத்துக்கே சரக்கு கிடைத்திருக்கும். நீட்டவில்லை. தலைவர் யாரைத் திட்டினார், அதற்கு இன்னொரு தலைவர் என்ன சொன்னார் என்பதைப் பிடிக்கப் போய்விட்டார்கள்.

சுயேச்சை பேப்பரில் வர வழியே இல்லையா என்றால், இருக்கிறது. டெபாசிட் தொகையை ஒரு ரூபாய் சில்லறையாக மூட்டை கட்டி வரலாம், கழுதை மேல் வரலாம், காய்கறி மாலை போட்டு வரலாம். அல்லது மேட்டூர் பத்மராஜன் மாதிரி 1988-லிருந்து 200 தடவைக்கு மேல் நின்று நின்று தோற்கலாம், அவருக்கு வருஷா வருஷம் கவரேஜ் உண்டு, அவரை நான் மதிக்கிறேன். மொடக்குறிச்சியில் 1996-ல் விவசாயிகள் கூட்டம் கூட்டமாக நின்று, மொத்த வேட்பாளர்களை 1,033 ஆக்கி வாக்குச்சீட்டையே புத்தகமாக அடிக்க வைத்தார்கள், இன்றுவரை அதைப் பேசுகிறார்கள். தனி ஆளாக வந்து ஒழுங்காக ஒரு விஷயத்தைச் சொன்னால் ஒரு வரி கிடையாது. இன்னொரு வழியும் இருக்கிறது. உங்கள் மேல் கிரிமினல் வழக்கு இருந்தால், அதை நீங்களே காசு கொடுத்துப் பேப்பரிலும் டிவியிலும் 3 தடவை விளம்பரம் செய்ய வேண்டும், 2018-லிருந்து உச்ச நீதிமன்றம் சொல்லி நடக்கிற விஷயம், எழுத்து 12 பாயின்ட்டாவது இருக்க வேண்டும் என்பதுவரை ரூல் இருக்கிறது. வேறு வேட்பாளர் ஒருவருக்கு அந்த விளம்பரத்தை டைப் செய்து கொடுத்தவனே நான்தான். அவர் பேர் 3 தடவை பேப்பரில் வந்தது. என் மேல் வழக்கு இல்லை, அதனால் என் பேர் வரவில்லை.

“சுயேச்சையாக நின்று 2017-ல் ஆர்.கே. நகரில் தினகரன் ஜெயிக்கவில்லையா” என்று டீக்கடையில் கேட்டார்கள். ஜெயித்தார். ஏப்ரல் 12-ல் நடக்க வேண்டிய இடைத்தேர்தல் பணப் பட்டுவாடா புகாரில் ரத்தாகி, டிசம்பர் 21-ல் நடந்தபோது 59 பேர் நின்றார்கள், அவர் குக்கர் சின்னத்தில் 40 ஆயிரம் ஓட்டுக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார். மீதி சுயேச்சைகளில் ஒருவர் பேரைச் சொல்லுங்கள் என்றேன். யாருக்கும் தெரியவில்லை. எனக்கும் தெரியாது என்பது வேறு விஷயம், அந்தத் தொகுதி விஷயங்களை அன்றாடம் பார்த்துக்கொண்டு, அந்த ஊர் டிவியையே பார்த்துக்கொண்டு இருந்த எனக்கே தெரியவில்லை என்றால் பாருங்கள். கேமரா ஏற்கெனவே யார் பின்னால் ஓடிக்கொண்டிருக்கிறதோ அவர் சுயேச்சை ஆனாலும் ஓடும். அவ்வளவுதான்.

சரி, பேக்கேஜுக்கு வருவோம்.

மார்ச் 25 வாக்கில் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. சில்வர், கோல்டு, பிளாட்டினம் என்று மூன்று கட்டம், கல்யாண மண்டப ரேட் கார்டு மாதிரி. சில்வரில் 2 நிமிட பேட்டி. கோல்டில் ‘வேட்பாளருடன் ஒரு நாள்’, 8 நிமிடம், பின்னணி இசையோடு. பிளாட்டினத்தில் ‘மக்கள் கருத்து’ வேறு சேர்த்துத் தருவார்களாம், மக்கள் யாருக்கு ஆதரவாகக் கருத்து சொல்வார்கள் என்பதைக் கேட்கவே வேண்டாம். சேனல் பேரைச் சொல்ல மாட்டேன். யூடியூபில் சப்ஸ்கிரைபர் நிறைய, வடசென்னையைச் சுற்றியே வீடியோ போடுவார்கள். கோல்டு 12,000. டிசைன் நன்றாக இருந்தது, ஸ்பேசிங் கொஞ்சம் சொதப்பல், தொழில் புத்தி, கண்ணில் பட்டுவிடுகிறது.

பேச வந்த பையனுக்கு 24 வயசு இருக்கும், மரியாதையான பையன். “செக் தரேன்பா, பில் குடு” என்றேன். செக் என்றதும் ஏதோ பழைய 500 ரூபாய் நோட்டை நீட்டின மாதிரி பார்த்தான்.

“பில்லு போட மாட்டோம்ணா. கேஷா குடுத்தா 9,500-க்கு முடிச்சிடலாம்.”

“அது இன்னா கணக்கு, 9,500?”

“10,000-க்கு மேல போனா நீங்க பேங்க் வழியாத்தான் குடுக்கணும்ணா. உங்களுக்குத்தான் பிரச்சினை.”

தேர்தல் ஆணைய விதி அவனுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. விளம்பரம் என்றால் போடுவதற்கு 3 நாளைக்கு முன்னாலேயே சான்றிதழ் கமிட்டியிடம் கொடுத்து அனுமதி வாங்க வேண்டுமே என்றேன். சென்னைக்கு மாநகராட்சி ஆணையர்தான் மாவட்டத் தேர்தல் அதிகாரி, அந்த கமிட்டி அவருக்குக் கீழேதான் வருகிறது, நானே ரிப்பன் மாளிகைக்குப் போய் வருகிறேன் என்றும் சொன்னேன். பையன் சிரித்தான். “அது விளம்பரத்துக்குண்ணா. இது நியூஸ்.”

ஒரு ரூபாய் ஜெராக்ஸுக்கும் கேட்டால் பில் போட்டுத் தருகிறவன் நான். அந்த இடத்திலேயே எழுந்து போயிருக்க வேண்டும். போகவில்லை. 13 நாளில் 4 நாள் போய்விட்டிருந்தது, எதிர் வரிசை டீக்கடைக்காரருக்கே நான் நிற்பது தெரியாது. கொடுத்துவிட்டேன்.

படப்பிடிப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலையில் 4 மணிக்கு அடிபம்பில் தண்ணீர் வரும், அப்போது வந்தால் தெருவே குடத்தோடு நிற்கும், தண்ணீரின் நிறத்தையும் காட்டலாம் என்று சொல்லியிருந்தேன். வந்தது 11 மணிக்கு. வெறும் குடங்கள் வரிசையில் வெயில் காய்ந்துகொண்டிருந்தன. “பரவால்லண்ணா, பி-ரோல் போட்டுக்கலாம்” என்றார்கள். பேச்சுக்கு நடுவில் சொருகும் காட்சியாம் அது. அப்புறம் என்னை ஒரு கேரம் போர்டு முன்னால் உட்கார வைத்தார்கள். எனக்குக் கேரம் ஆடத் தெரியாது. ஸ்ட்ரைக்கரைத் தட்டினேன், அது போர்டைத் தாண்டிப் போய் யார் காலிலோ பட்டது, அதை வீடியோவிலும் வைத்திருந்தார்கள். பாக்ஸிங் கிளவுஸ் ஒன்று இருக்கிறதா என்று கேட்டார்கள். மனு டைப் அடிப்பவனிடம் எங்கே இருக்கும் கிளவுஸ்.

கேள்விகள் இருக்கிறதே, அதுதான் உச்சம். முதல் கேள்வி: “வடசென்னைன்னாலே ரவுடியிசம்னு சொல்றாங்களே, நீங்க என்ன நெனைக்கிறீங்க?” இரண்டாவது: “நீங்க யாரோட ஓட்டைப் பிரிக்க நிக்கிறீங்க?” மூன்றாவது: “கானா பாட்டு ஒண்ணு பாடுவீங்களா?” நான் குழாயைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். இந்தத் தெருவில் குடிநீர்க் குழாய் எந்த வருஷம் போட்டது, பாதாளச் சாக்கடைக் குழாய் அதற்குப் பக்கத்திலேயே எவ்வளவு தூரத்தில் போகிறது, எங்கே இரண்டும் ஒன்றை ஒன்று தொடுகிறது என்று நான் கையில் வரைபடமே வைத்திருந்தேன், ஏ3-யில் லேமினேட் செய்தது. அதைத் தூக்கிக் காட்டினேன். வெயிலில் லேமினேஷன் பளபளத்து கேமராவில் விழவில்லை என்று ஓரமாக வைக்கச் சொல்லிவிட்டார்கள். பேசி முடித்ததும் பையன் சொன்னான்: “அண்ணா, கொஞ்சம் லோக்கலா பேசுங்கண்ணா. ரொம்ப ஆபீஸ் மாதிரி இருக்கு.” நான் பிறந்தது இந்தத் தெரு, என் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், இதைவிட லோக்கல் எங்கே போய் வாங்குவது?

வீடியோ இரண்டு நாளில் வரும் என்றார்கள். வரவில்லை. ஏப்ரல் 1 வரவில்லை, 3 வரவில்லை. ஏப்ரல் 4 சாயங்காலம் 7 மணிக்குப் பிரச்சாரம் முடிந்தது. நானும் ஆட்டோவில் கட்டியிருந்த மைக்கைக் கழற்றி வாடகைக்காரரிடம் கொடுத்துவிட்டு, தொண்டைக்கு மிளகுப் பால் குடித்துவிட்டுப் படுத்தேன். மறுநாள், அதாவது 5-ஆம் தேதி, ராத்திரி 8 மணிக்கு மச்சான் போன் செய்கிறான்: “மாமா, யூடியூப்ல வந்துட்ட!”

விடிந்தால் வாக்குப்பதிவு. ஓட்டுப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரம் தேர்தல் பிரச்சாரம் எதையும் திரையில் காட்டக் கூடாது என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 126-வது பிரிவு இருக்கிறது. நான் பையனுக்குப் போன் மேல் போன். எடுத்தவன், “இப்பத்தாண்ணா வியூஸ் வரும், எல்லாரும் எலெக்‌ஷன்னு தேடுவாங்க” என்றான். எடுத்துவிடு, இல்லையென்றால் நானே புகார் கொடுப்பேன், நீயும் மாட்டுவாய் நானும் மாட்டுவேன் என்று கத்தினேன். வீட்டம்மா குழம்புக் கரண்டியோடு வந்து பார்த்துவிட்டுப் போனார். 11 மணிக்கு எடுத்தார்கள். அதுவரை பார்த்தவர்கள் 214 பேர், அதில் பத்துப் பதினைந்து தடவை நான். 9,500 ரூபாய்க்கு மூன்று மணி நேரம்.

பதிவேட்டுக் கதை தனி. வேட்பாளர் செலவுப் பதிவேட்டில் வெள்ளைப் பக்கம் அன்றாடச் செலவுக்கு, இளஞ்சிவப்பு ரொக்கத்துக்கு, மஞ்சள் பேங்குக்கு. பிரச்சாரத்துக்குள் மூன்று தடவை கொண்டுபோய்க் காட்ட வேண்டும், முடிவு வந்து 30 நாளுக்குள் மொத்தக் கணக்கைக் கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் 3 வருஷம் நிற்கத் தடை போடலாம். நான் வெள்ளைப் பக்கத்தில் ‘யூடியூப் வீடியோ, ரூ. 9,500’ என்று எழுதிக்கொண்டு போனேன். கணக்கு பார்த்த அம்மா கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு கேட்டார்.

“பில் எங்க?”

“குடுக்க மாட்டேன்றாங்க மேடம்.”

“விளம்பரமா?”

“செய்தின்னு சொல்றாங்க.”

“செய்திக்கு எதுக்குங்க காசு குடுத்தீங்க?”

பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன். அவர் பென்சிலால் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு அடுத்த பக்கம் புரட்டினார்.

இதெல்லாம் குட்டிச் சேனல் சமாச்சாரம் என்று நினைத்துவிடாதீர்கள். காசு வாங்கிக்கொண்டு செய்தி போல விளம்பரம் போடுவதைப் பற்றி 2010-லேயே இந்தியப் பிரஸ் கவுன்சில் அறிக்கை போட்டது. உத்தரப் பிரதேசத்தில் உம்லேஷ் யாதவ் என்ற எம்எல்ஏவை, பேப்பரில் வந்த இப்படிப்பட்ட ‘செய்தி’யின் செலவைக் கணக்கில் காட்டவில்லை என்று 2011-ல் தேர்தல் ஆணையம் 3 வருஷத்துக்குத் தகுதி நீக்கம் செய்தது. கவனிக்க வேண்டியது, வாங்கியவருக்குத்தான் தண்டனை. 2021-ல் நம் ஊரிலேயே ஓட்டுப்பதிவுக்கு முன்னால் பத்திரிகைகளின் முன்பக்கத்தில் செய்தி போலவே அச்சடித்த விளம்பரங்கள் வந்து, திமுக புகார் கொடுத்தது ஞாபகம் இருக்கலாம். எங்கள் கடைக்கு வந்த ஒரு பெரியவர் அந்தப் பக்கத்தை நீட்டி, “இதெல்லாம் இன்னிக்கு நடந்ததா தம்பி?” என்று என்னைக் கேட்டார். மூலையில் ‘விளம்பரம்’ என்று போட்டிருந்த எழுத்தைக் காட்டினேன். அவருக்குக் கண் தெரியவில்லை.

நியாயமாகச் சொல்ல வேண்டுமென்றால் நல்லதும் ஒன்று நடந்தது. மாலைப் பேப்பர் ஒன்றின் நிருபர், வயதானவர், வண்டியில் மஞ்சள் பை மாட்டிக்கொண்டு வருவார். என்னிடம் வந்தது பேட்டிக்காக இல்லை, ஆதார் ஜெராக்ஸ் எடுக்க. சுவரில் என் போஸ்டரைப் பார்த்துவிட்டு, “நீங்கதானா இது?” என்றார். அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “உங்க தெருவுல தண்ணி எத்தனை மணிக்கு வருது?” நாலு மணிக்கு என்றேன். “எத்தனை மணிக்கு நல்ல தண்ணி வருது?” என்றார். முதல் பத்து நிமிடம் சாக்கடை, அப்புறம் தெளியும், அது தெளிவதற்குள் பாதிப் பேர் பிடித்துவிடுவார்கள் என்றேன். லேமினேஷன் வரைபடத்தைக் கையில் வாங்கி நிழலில் வைத்து முழுசாகப் பார்த்தார். பார்த்தாரே, அந்தத் தேர்தலில் அதைப் பார்த்த ஒரே பத்திரிகைக்காரர் அவர்தான். ஜெராக்ஸுக்குக் காசு வேண்டாம் என்றேன், கேட்கவில்லை, இரண்டு ரூபாயை மேஜையில் வைத்துவிட்டுப் போனார். மறுநாள் ஏழாம் பக்கத்தில் ஆறு வரி வந்தது. என் இனிஷியல் தப்பு, சின்னம் போடவில்லை. ஆனால் தெருப் பேர் சரி, நேரம் சரி, அந்தப் பத்து நிமிடமும் சரியாக வந்திருந்தது. அந்த ஆறு வரியைப் பார்த்து நான்கு பேர் போன் செய்தார்கள், ஒருவர் வேறு வார்டிலிருந்து, “எங்க தெருவுல இருவது நிமிஷம்ங்க” என்று. அதற்கு ஐந்து ஸ்டார். இனிஷியலுக்காகக் குறைக்க மனசு வரவில்லை.

டிவிக்கு ஒரு ஸ்டார். ஏப்ரல் 6-ல் ஓட்டுப் போட்டுவிட்டு மே 2 வரை 26 நாள் காத்திருந்தோம், கருத்துக்கணிப்பும் ஏப்ரல் 29 வரை சொல்லக் கூடாது. கையில் எந்தச் செய்தியும் இல்லாமல் தினமும் நாலு பேரை உட்கார வைத்துப் பேசினார்கள். அந்த நாட்களில்கூடத் தொகுதிக்குள் வந்து பார்க்க ஆளில்லை. கொடுத்த ஒரு ஸ்டாரும் எதற்கென்றால், எண்ணிக்கை அன்றைக்குத் திரையின் கீழே ‘மற்றவர்கள்’ என்று ஒரு வரி ஓடியது, அதில் நானும் இருந்தேன். (நோட்டாவுக்குக் கீழே. ஆறில் ஒரு பங்குக்கு மேல் ஓட்டு வாங்கினால்தான் டெபாசிட் திரும்ப வரும், அந்தப் பேச்சை விட்டுவிடுவோம்.)

நிருபர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒருத்தர் ஆறு தொகுதி பார்க்கிறார், பெட்ரோல் காசு கைக்காசு, ஒவ்வொரு தொகுதியிலும் முப்பது நாற்பது பேர் நின்றால் அவரும்தான் என்ன செய்வார். ஆனால் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூரில் எண்ணெய் பரவியபோது எல்லாச் சேனலும் வந்தது, கருப்பாகிப் போன வலையைக் கையில் பிடித்துக் காட்டச் சொல்லி எடுத்தார்கள், நன்றாகவே எடுத்தார்கள். நாலு மாதம் கழித்து 2024 ஏப்ரலில் நாடாளுமன்றத் தேர்தல் வந்தபோது அதே கேமராக்கள் வந்து, அதே மீனவர்களிடம், “இந்த முறை யாருக்குப் போடுவீங்க?” என்று கேட்டன. வலை என்னவாயிற்று என்று கேட்கவில்லை. ஜெராக்ஸ் கடையில் நஷ்ட ஈட்டு மனு பிரிண்ட் எடுத்துக்கொண்டிருந்த எனக்குத் தெரியும் அது என்னவாயிற்று என்று.

கோல்டு பேக்கேஜுக்கு அரை ஸ்டார். ஒலிப்பதிவு தெளிவாக இருந்தது, அதற்காக. வாங்குகிறவர்கள் வீடியோ எந்தத் தேதியில் வரும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், பில் தராவிட்டால் வாங்காதீர்கள், கேரம் போர்டைப் பார்த்தால் நகர்ந்துவிடுங்கள்.

போன வாரம் அதே எண்ணிலிருந்து மறுபடியும் படம் வந்தது. இந்தத் தடவை டிசைனில் ஸ்பேசிங் சரி செய்திருக்கிறார்கள். கோல்டு 18,000 ஆகிவிட்டது, ட்ரோன் ஷாட் இலவசம். “பில் உண்டா தம்பி?” என்று கேட்டிருக்கிறேன். இரண்டு நீல டிக் விழுந்திருக்கிறது.